பாமா மாமியின் குறில்

பாமா மாமி எம்.ஏ. தமிழ். கும்பகோணத்தில் படித்து முதல் வகுப்பில் தேறியவள். இந்த விஷயம் தெரிந்தவர்கள் புனேயில் ஒரு காலத்தில் மூன்று பேர் இருந்தார்கள்: மாமி, கணவர் மகாதேவன், பிறகு ஜாதகத்தோடு சேர்த்து மார்க் லிஸ்டையும் வாங்கிப் பார்த்த மாமியார். மாமியார் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மகள் வைஷுவைக் கேட்டால், "அம்மாவா? ஏதோ லிட்ரேச்சர்" என்பாள். அவளை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

தொண்ணூற்று நாலில் கல்யாணமாகி கோர்படி ரயில்வே காலனியில் வந்து இறங்கிய முதல் வாரமே, பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று கணவரைக் கேட்டாள். மகாதேவன் சிக்னல் பிரிவில் வேலை பார்ப்பவர். எதற்கும் சிவப்பா பச்சையா என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிப் பழக்கம்.

"இங்க தமிழ் சொல்லிக்குடுத்து யாருக்கு என்ன ஆகணும்? ஹிந்தி கத்துக்கோ. கறிகாயாவது வாங்கலாம்."

கற்றுக்கொண்டாள். மராத்தியும் கற்றுக்கொண்டாள். பி.எட். முடித்து, கோந்த்வா பக்கம் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு இ.வி.எஸ்., அதாவது மழை எப்படிப் பெய்கிறது, நீர் எப்படி ஆவியாகிறது என்று இங்கிலீஷில் சொல்லிக்கொடுக்கப் போய்ச் சேர்ந்தாள். வெண்பாவுக்குத் தளை தட்டினால் தூக்கத்தில்கூடக் கண்டுபிடித்துவிடக்கூடியவள், மண்டியில் நின்று "கோத்திம்பீர் ஏக் ஜூடி" என்று கொத்தமல்லி கேட்டுக்கொண்டு முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

படித்த தமிழுக்கு அவளிடம் மிச்சமிருந்த ஒரே வேலை, தமிழ் மன்றத்துப் பொங்கல் விழா நாடகம்தான். நாடகம் எழுத ஆள் இருந்தார்கள், நடிக்கக் குழந்தைகள் இருந்தார்கள். குழந்தைகளுக்குத் தமிழ் பேச வரும், ஓரளவு. படிக்க வராது. படித்ததெல்லாம் மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ். அதனால் அவரவர் வசனத்தை ஹிந்திக்கும் மராத்திக்கும் பொதுவான நாகரி எழுத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். தமிழ், நாகரி இரண்டும் தெரிந்தவள் பாமா மாமி ஒருத்தி. வருஷா வருஷம் டிசம்பர் பிறந்தால் அந்த வேலை அவள் மடியில் வந்து விழும்.

பார்ப்பதற்கு எளிய வேலை. உட்கார்ந்தால்தான் தெரியும் அதன் வம்பு. தமிழில் எ என்றும் ஏ என்றும் இரண்டு உண்டு, ஒ என்றும் ஓ என்றும் இரண்டு உண்டு. நாகரியில் நெடில் மட்டும்தான். குறிலுக்கு எழுத்தே கிடையாது. 'கொடி' என்று எழுதினால் பிள்ளைகள் 'கோடி' என்று படிக்கும். 'தெரு' தேராகி ஓடிவிடும். முதல் வருஷம் குறிலுக்கு மேலே ஒரு பிறைக்கோடு போட்டுப் பார்த்தாள். மராத்தியில் அந்தப் பிறைக்கு வேறு வேலை இருக்கிறது, இங்கிலீஷ் வார்த்தைகளில் வரும் 'ஆ'வைக் காட்டுவது. 'கொடி'யை ஒரு பெண் 'காடி' என்று படித்தது. கடைசியில் மாமி தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். வெளிர்நீலப் பென்சிலால் குறிலுக்கு மேல் ஒரு சின்ன டிக். நீலம் இருந்தால் குட்டையாகச் சொல்லணும், இல்லையென்றால் நீட்டிச் சொல்லணும். எந்த இலக்கணத்திலும் இல்லாத விதி. ஆனால் பிள்ளைகள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது கிட்டு.

இன்று நகர் ரோட்டில் போனால் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி நாலு மாடி உயரத்துக்குச் சிரிக்கிறானே, அந்த நடிகன்தான். திரையில் அவனுக்கு வேறு பெயர். கோர்படியில் அவன் லோகோ ஷெட் ஃபோர்மன் வீட்டுக் கிட்டு. மாமி வீட்டிலிருந்து மூன்றாவது கதவு. பால்காரன் குரலில் வாசலில் கூவிப் பத்து வீட்டுப் பெண்களைப் பாத்திரத்தோடு வெளியே வரவழைப்பான். டிக்கெட் பரிசோதகர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்று ஏறி இறங்குகிறவர்களை மடக்குவான். பதினோரு வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடத்து பிரேயரில் தலைமையாசிரியர் குரலில் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டான். ஐந்நூறு பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வாரம் சஸ்பெண்ட். அவன் அம்மா வந்து மாமி வீட்டுச் சமையலறையில் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"இவன் உருப்படுவானா பாமா?"

"மன்றத்து நாடகத்துல போடுங்கோ. அங்கயாவது எழுதிக்குடுத்ததைப் பேசுவான்" என்றாள் பாமா மாமி.

மேடைக்கு அவனை அனுப்பியது அவள்தான். இதுவும் புனேயில் அவன் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம்.

அந்த வருஷத்து நாடகத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் தம்பியாகக் கிட்டு. அவனுக்கு இருந்தது ஒரே வசனம். உள்ளே நுழைந்ததும் கைகூப்பிச் சொல்ல வேண்டும்: "நாங்கள் பெண் பார்க்க வந்திருக்கிறோம்." அப்போதைய செயலாளர் கந்தசாமி எதிலும் சிக்கனம் பார்க்கிறவர், பேச்சைத் தவிர. மாமியின் நோட்டை வாங்கிக்கொண்டு போய், குழந்தைகளுக்கு ஆளுக்கொரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். வெளிர்நீலப் பென்சில் ஜெராக்ஸில் விழாது என்பது அவருக்கும் தெரியாது, மாமிக்கும் தெரியாது. ஒத்திகைக்கு வந்த பிள்ளைகள் காதால் கேட்டுத் திருத்திக்கொண்டார்கள். கிட்டு அந்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்தான். நேரே மேடைக்குத்தான் வந்தான்.

வந்தான், கைகூப்பினான், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி சொன்னான்: "நாங்கள் பேன் பார்க்க வந்திருக்கிறோம்!"

சிரிப்பில் கூரை பறந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் அவன் திருதிருவென்று விழித்துத் தலையைச் சொறிந்தான். அவ்வளவுதான். பெண்ணாக நடித்தவள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். மன்றத் தலைவரின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. சிரிப்பு அடங்கப் போகும் சமயத்தில் கிட்டு இன்னொரு தரம் சொறிந்தான், இந்தத் தடவை தெரிந்தே. அந்த இரண்டாவது சொறிதலில்தான் அவன் நடிகனானான் என்று பாமா மாமி இன்றைக்கும் சொல்வாள். பக்கவாட்டில் நின்று அவள் அதைக் கண்ணால் பார்த்தாள்.

பிறகு மராத்திக் குழந்தைகள் நாடகம், கல்லூரிகளுக்கிடையிலான ஓரங்க நாடகப் போட்டி, மும்பை, சீரியலில் நாயகியின் அண்ணன், சினிமாவில் நாயகனின் நண்பன், ஒரு நாள் நாயகனே. காலனியில் ஸ்வீட் கொடுத்தார்கள். மாமி சந்தோஷப்பட்டாள். வயிற்றெரிச்சல் எதுவும் அப்போது கிடையாது.

அது வந்தது போன தீபாவளிக்குப் பிறகு. ஹிந்திப் பேட்டி நிகழ்ச்சி ஒன்றில், முதல் மேடை எது என்று அவனைக் கேட்டார்கள். சொன்னான். அழகாகத்தான் சொன்னான். நடுவில் ஒரு வரி: "ஒரு ஆன்ட்டி இருந்தாங்க. பாவம், அவங்களுக்கே தமிழ் சரியா எழுத வராது. பொண்ணுன்னு எழுதறதுக்குப் பதிலா 'பேன்'னு எழுதிக் குடுத்துட்டாங்க!" பேட்டி எடுத்தவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தார். அந்தத் துண்டை மட்டும் வெட்டி நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள்.

ஸ்டாஃப் ரூமில் மும்தாஜ் டீச்சர் போனை நீட்டினாள். "பாமா, கோர்படி, தமிழ் நாடகம்ங்கறானே, உனக்கு இந்த ஆன்ட்டியத் தெரியுமா?"

மாமி டப்பாவை மூடினாள். "தெரியாது" என்றாள்.

கும்பகோணத்திலிருந்து தம்பி போன் செய்தான். "உன்னையா சொல்றான் அக்கா? நீதானே எழுதிக்குடுப்பே?" கூடப் படித்தவர்கள் குழு ஒன்று இருந்தது, அதில் ஒருத்தி அந்தத் துண்டைப் போட்டு, 'வடக்கே போன நம்ம தமிழின் கதி' என்று எழுதியிருந்தாள். எழுதியவள் இரண்டாம் வகுப்பு. அதிலும் அரியர்ஸ். மாமி அன்றைக்கு ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

"அவன் ஒரு வார்த்தை சொல்லணும். அந்த மாமிக்குத் தமிழ் தெரியும்னு. வேற ஒண்ணும் வேண்டாம்."

மகாதேவன் ரசத்தைத் தள்ளி வைத்துவிட்டு மோருக்குப் போனார். "கந்தசாமி அன்னிக்கே சொன்னார். ஆத்துல பேசறாப்பல 'பொண்ணு'ன்னே எழுதுங்கோன்னு. நீதான் மேடைத் தமிழ் சுத்தமா இருக்கணும்னு பிடிவாதம் பிடிச்சே. பொண்ணுன்னு எழுதியிருந்தா இந்த வம்பே கிடையாது."

உண்மைதான். இருபத்தைந்து வருஷமாக அவரும் அதைச் சொல்லவில்லை, அவளும் நினைக்கவில்லை. இப்போது சொன்னதற்காக அவரோடு இரண்டு நாள் பேச்சு நின்றது.

டிசம்பரில் மன்றத்தின் புதுச் செயலாளர் அருண்ராஜ் வீட்டுக்கு வந்தான். கோயம்புத்தூர்ப் பையன், ஐ.டி. கம்பெனி. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"மேடம், செம நியூஸுங்க! பொங்கலுக்கு அவரே சீஃப் கெஸ்ட்டா வர்றாருங்க. அந்தப் பேன் சீனை அப்படியே மறுபடி பண்றோம். நீங்க மேடைக்கு வர்றீங்க, சால்வை போத்தறோம், மெமெண்டோ குடுக்கறோம். பேனர்ல 'ஒரிஜினல் பேன் மாமி'ன்னு போட்டுக்கலாமுங்களா?"

"போடக் கூடாது."

"இல்லீங்க மேடம், அதுதான் ஹைலைட்டே."

மாமி உள்ளே போய்ப் பழைய நோட்டை எடுத்து வந்து, நீல டிக்குகளைக் காட்டி, ஜெராக்ஸ் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். அருண்ராஜ் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்து நோட்டைப் படம் பிடித்தான்.

"விண்டேஜா இருக்குங்க மேடம்! மெமரி கார்னர்ல வெச்சுரலாம்."

"எனக்கு ரெண்டு நிமிஷம் பேசணும். குடுப்பியா? குடுத்தா வரேன்."

"ரெண்டென்னங்க, அஞ்சே எடுத்துக்கங்க!"

மாமி எழுதினாள், அடித்தாள், திரும்ப எழுதினாள். குறில் என்றால் என்ன, நெடில் என்றால் என்ன, கோபமில்லாமல், சிரிக்கச் சிரிக்க. குக்கர் விசில் இடைவெளியில் சொல்லிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி வந்தது.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு பள்ளிக்கூட ஹாலில். ஒன்றரைக்கு ஹாலைக் காலி செய்ய வேண்டும். கிட்டு பதினொன்றரைக்கு வருவதாகப் பத்து மணிக்குச் சொன்னார்கள். பன்னிரண்டுக்கு வருவதாகப் பதினொன்றரைக்குச் சொன்னார்கள். நடுவில் வார்டு பிரமுகர் ஒருவர் மராத்தியில் இருபத்தைந்து நிமிஷம் பேசினார். இட்லியைப் பற்றி மட்டும் ஏழு நிமிஷம். தொகுத்து வழங்கிய ப்ரீத்தி கையில் அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். கோலாட்டம் போயிற்று. திருக்குறள் ஒப்பித்தல் போயிற்று. பட்டுப் பாவாடையில் ஒரு குழந்தை படியிலேயே அழுதது. பிறகு ப்ரீத்தி மாமியிடம் வந்து குனிந்தாள்.

"ஆன்ட்டி, உங்க ஸ்பீச்சையும் மெமெண்டோவையும் மெர்ஜ் பண்ணிட்டோம்."

"அப்படின்னா?"

"நீங்க வாங்கிண்டு, ஸ்மைல் பண்ணா போதும்."

மாமி கைப்பையில் மடித்து வைத்திருந்த தாளைத் தொட்டுப் பார்த்தாள். எழுந்தாள். மகாதேவன், "எங்கடி?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், கிட்டு வந்து உட்கார்ந்திருந்த, விருந்தினருக்கு ஒதுக்கிய ஆசிரியர் அறையைப் பார்த்து நடந்தாள். வாசலில் கறுப்புச் சட்டை போட்ட மேனேஜர் கையை நீட்டித் தடுத்தான். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அரே, மாமி! விடுப்பா, அவங்கள விடு!"

கிட்டு எழுந்து வந்து காலைத் தொட்டான். டிவியில் தெரிவதைவிடக் குள்ளம், அதே திருதிரு கண். "எப்படி இருக்கேள்? வைஷு எப்படி இருக்கா? நான் எல்லா இண்டர்வ்யூலயும் உங்களப் பத்திதான் சொல்றேன், பாத்தேளா?"

"பாத்தேன். அதைப் பத்தித்தான் பேச வந்திருக்கேன். எனக்குத் தமிழ் எழுத வராதுன்னு யார் சொன்னா உனக்கு?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

"நான் தமிழ் எம்.ஏ.டா."

"நிஜமாவா?" அவன் முகத்தில் நடிப்பு இல்லை. "கசம், சத்தியமா தெரியாது மாமி. நீங்க ஸ்கூல்ல இ.வி.எஸ். தானே எடுப்பேள்?"

நோட்டு, நீலப் பென்சில், ஜெராக்ஸ் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். ஒரு நிமிஷம் ஐம்பது விநாடிகூட ஆகவில்லை. அவன் கவனமாகக் கேட்டான். அந்தப் பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலேயே உண்டு.

"மாமி, ஒண்ணு சொல்லட்டுமா? 'பெண்'ணுன்னு ஒரு வார்த்தை இருக்கறதே எனக்கு அப்போ தெரியாது. ஆத்துல பொண்ணுன்னுதானே சொல்லுவா. நான் அது பேண் ஊருன்னு நெனைச்சேன். கண்பதி பொம்மை பண்ணுவாளே, அந்தப் பேண். மாப்பிள்ளை ஆத்துக்காரா பேண் ஊரச் சுத்திப் பாக்க வந்திருக்கா, மத்லப், அதாவது டூருக்கு வந்திருக்கான்னு."

கந்தசாமி சொன்னதும் மகாதேவன் சொன்னதும் சேர்ந்து வந்து மாமியின் மண்டையில் இடித்தன. சுத்தமாக இருக்கட்டும் என்று தேடி எடுத்துப் போட்ட வார்த்தை, சொல்ல வேண்டிய பிள்ளைக்கு ஒரு பஸ் ஸ்டாண்டுதான். வேறு பிள்ளையாக இருந்தால் ஒத்திகையில் காதால் கேட்டிருக்கும். அவன் காய்ச்சலில் படுத்திருந்தான். படுத்திருந்தான் என்று தெரிந்தும், மூன்று கதவு தள்ளிப் போய் ஒரு தரம் சொல்லிக்கொடுத்துவிட்டு வர அவளுக்கும் தோன்றவில்லை.

"சரி. என் தப்பும் இருக்கு," என்றாள். "ஆனா தமிழ் தெரியாத தப்பு இல்லை. அதை மட்டும் நீ சொல்லணும். இன்னிக்கு, இங்கயே, எல்லார் எதிர்லயும்."

"பக்கா மாமி. ப்ராமிஸ்."

வாக்கைக் காப்பாற்றினான். அதைக் குறை சொல்லவே முடியாது. மாமியை மேடைக்கு அழைத்து, தன் கையாலேயே சால்வை போர்த்தி, மைக்கைப் பிடித்தான். அரைத் தமிழும் அரை ஹிந்தியுமாகச் சொன்னான். "இத்தனை நாள் நான் தப்பா சொல்லிண்டிருந்தேன். மாமிக்குத் தமிழ் எழுத வராதுன்னு. ஸாரி மாமி. மாமி யார் தெரியுமா? தமிழ்ல எம்.ஏ.! ஃபர்ஸ்ட் க்ளாஸ்!"

அங்கே அவன் நிறுத்தினான். நிறுத்த வேண்டும் என்று நினைத்து நிறுத்தினானோ, மூச்சு வாங்க நிறுத்தினானோ, தெரியாது. இருபத்தைந்து வருஷமாகச் சிரிப்பு எங்கே வரும் என்று கற்றுவைத்திருக்கிற உடம்பு அது.

ஹால் வெடித்தது.

தமிழ் தெரியாத ஆன்ட்டி பேன் என்று எழுதினால் ஒரு சிரிப்புத்தான். எம்.ஏ. முதல் வகுப்பு எழுதினால் மூன்று சிரிப்பு. முன் வரிசையில் அருண்ராஜ் தொடையில் தட்டிக்கொண்டான். இட்லிப் பிரமுகருக்கு யாரோ மராத்தியில் எடுத்துச் சொல்ல, அவர் ஒரு நிமிஷம் தாமதமாகத் தனியாகச் சிரித்தார். கிட்டு கையை உயர்த்தி, நீலப் பென்சில், ஜெராக்ஸ் என்று மீதியையும் சொல்லத்தான் செய்தான். ஒரு வார்த்தை விடவில்லை. அது யார் காதிலும் விழவில்லை. அறுநூறு போன்கள் மேலே எழுந்து மாமியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. மாமி சால்வையோடும் மெமெண்டோவோடும் நின்றாள். ப்ரீத்தி பக்கவாட்டிலிருந்து, "ஸ்மைல் ஆன்ட்டி, ஸ்மைல்" என்றாள்.

இறங்கியதும் கிட்டு பின்னாலேயே வந்தான். நெற்றியில் வியர்வை, முகம் நிறைய சந்தோஷம். "சொல்லிட்டேன் மாமி! ஓகேவா?"

சொல்லிவிட்டான். இனிமேல் அவனிடம் கேட்பதற்கு ஒன்றும் பாக்கியில்லை. அதுதான் பாமா மாமிக்குத் தாங்கவில்லை.

"சொன்னே" என்றாள்.

"மாமி, இன்னொரு விஷயம். எனக்கு முதல் தமிழ்ப் படம் வந்திருக்கு. மார்ச்ல ஷூட்டிங். அவா டயலாக்க இங்கிலீஷ் எழுத்துல அனுப்பறா, ஒரு மண்ணும் புரியலை. நீங்க நாகரில எழுதித் தரேளா? அந்த ப்ளூ டிக்கோட. உங்களவிட யாரு அதைச் சரியா பண்ணுவா?"

பக்கத்தில் மகாதேவன் தலையாட்டிவிட்டார், அவளைக் கேட்காமலே. நாலு நாள் வேலை. அவளுக்குக் கண் மூடிச் செய்ய வரும். டிசம்பர் டிசம்பராக, யார் யார் பிள்ளைகளுக்கோ, தன் எழுத்தை அடுத்தவர் எழுத்துக்குள் மடக்கி மடக்கி வைத்துக் கொடுத்த கை.

"மாட்டேன்" என்றாள்.

"அரே, ஏன் மாமி? கோவமா?"

"கோவம் இல்லை. நாகரில இனிமே யாருக்கும் எழுதறதா இல்லை. தமிழ் வேணும்னா தமிழ் எழுத்தப் படி. கஷ்டம் இல்லை. மூணாம் கிளாஸ் குழந்தை படிக்கும்."

"டைம் எங்க மாமி எனக்கு?" என்றான் கிட்டு. பொய்யில்லை; பின்னாலிருந்து மேனேஜர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். "சார், அதுக்கு ஆப் இருக்கு சார். டைப் பண்ணா தானே மாத்திக் குடுக்கும்" என்றான் மேனேஜர் ஹிந்தியில்.

"அப்போ அதுலயே பாத்துக்கறேன் மாமி" என்றான் கிட்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"பாத்துக்கோ" என்றாள் பாமா மாமி. சால்வையை நாலாக மடித்து மகாதேவனிடம் கொடுத்தாள். "ஆனா ஒண்ணு கிட்டு. அதுல தப்பு வந்து நாளைக்கு ஊர் சிரிச்சா, டிவில அந்த ஆப் பேரச் சொல்லு. ஒரு மாமி எழுதிக்குடுத்தான்னு சொல்லிடாதே."

அதற்கும் அவன் சிரித்தான். பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். மாமி வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேட ஆரம்பித்தாள்.